நிறுத்தி வைத்த காருக்குள் எலி: மீயொலிக் கருவி, கார நாடா, கம்பி வலை மூன்றையும் ஓராண்டு பயன்படுத்திய பின்

கடந்த ஆண்டு செப்டம்பரில் ஐந்து வார விடுமுறைக்கு மதுரைக்குப் போய்விட்டு, மொரீஷியஸின் பாம்ப்லெமூஸில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, காரைக் கிளப்பி ஏசியைப் போட்டவுடன் குளிர்ந்த காற்றுக்கு முன்னால் மூத்திர நெடிதான் வந்தது. அதைத் தொடர்ந்து கரும்புச் சோகையின் துணுக்குகள் மடியில் வந்து விழுந்தன. விசிறி எதிலோ உரசிக் கடகடத்தது. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார்தான் என்றாலும், அதுவரை ஒரு நாளும் வழியில் நிறுத்தியதில்லை.

மெக்கானிக் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தார். ஃபில்டரின் மடிப்புகளுக்கு மேலே இரண்டு கை கொள்ளும் அளவுக்கு ஒரு கூடு இருந்தது. பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கம்பளி போன்ற உறையிலிருந்து பிய்த்த பஞ்சு, சோகை, காகிதக் கைக்குட்டை, கோவிலில் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தின் தாள் என்று எல்லாவற்றையும் நூல் நூலாகக் கிழித்து அடுக்கியிருந்தது தாய் எலி. நடுவில் கண் திறக்காத ஐந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எலியின் கர்ப்பகாலம் 21 முதல் 23 நாள். குட்டிகள் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரம். ஆக, நாங்கள் ஊரில் இல்லாத நாள்களில் ஒரு சினை எலியோ, சினைப்படப் போகும் எலியோ காருக்குள் குடிபுகுந்து, அங்கேயே ஈன்றும் இருக்கிறது. ஐந்து வாரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

சேதத்தில் கூடு பாதிதான். கண்ணாடி கழுவும் நீர்க்குழாய், இன்ஜெக்டருக்குப் போகும் இரண்டு வயர்கள், ஆக்சிஜன் சென்சாரின் வயர் ஆகியவை கடித்துத் துண்டிக்கப்பட்டிருந்தன. வயர்களை ஒட்டவைத்து, விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றியதற்கு 11,500 மொரீஷியஸ் ரூபாய் ஆயிற்று. எலியாலும் பூச்சியாலும் வரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்று என் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு வரி இருப்பதை அன்றுதான் படித்தேன். உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

அதன்பின் ஓராண்டாக, கடையிலும் இணையத்திலும் கிடைத்த எலித்தடுப்புப் பொருள்களை ஒவ்வொன்றாக வாங்கி, என் காரிலேயே சோதித்துப் பார்த்தேன். இந்தத் தீவில் கரும்புக் காட்டோரம் கார் நிறுத்தும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதாலும், இதே பணத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாக இழக்க வேண்டியதில்லை என்பதாலும் இதை எழுதுகிறேன்.

முதலில், எலி ஏன் காருக்கு வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பொருள் பயன்படும், எது படாது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது. இங்கே கரும்பு வெட்டு ஜூன் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கிறது. தோட்டத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அடுத்த வீட்டுப் பெரியவர், வெட்டு எங்கள் தெருவை நெருங்கும் வாரத்தில் ‘லேரா’ எல்லாம் வீட்டுப் பக்கம் வரும் என்று இங்குள்ள கிரியோல் மொழியில் எச்சரித்திருந்தார். லேரா என்றால் எலி. மறைவிடமாக இருந்த காடு ஒரே நாளில் மொட்டையாகிவிட, அதற்கு இருட்டான, மழை படாத, பூனை நுழைய முடியாத இடம் வேண்டும். ஓட்டி நிறுத்திய காரானால் இன்ஜினின் கதகதப்பும் கூடவே கிடைக்கிறது. வயர்களைப் பசிக்காக அது கடிப்பதில்லை. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். இந்தக் கால வயர் உறைகளில் சோயா கலப்பதால்தான் எலி கடிக்கிறது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் கார் நிறுவனங்கள்மீது அதை வைத்து வழக்குகளும் நடந்தன. ஆனால் எலி ஈயக் குழாயையும் அலுமினியத்தையும்கூடக் கொறிக்கும் பிராணி. சோயா இல்லாத பழைய கார் என்று நம்பி யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

எலியை விரட்ட ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்ற எண்ணம் இந்தத் தீவுக்குப் புதிதும் அல்ல. 1899இல் இங்கே பிளேக் பரவிய பிறகு, எலிகளை ஒழிப்பதற்காக 1900இல் கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கீரி பகலில் திரியும். எலி இரவில் திரியும். நூற்றாண்டு கடந்தும் இரண்டும் இங்கே சௌக்கியமாக இருக்கின்றன. நாட்டுப் பறவைகளுக்குத்தான் கீரியால் கேடு வந்தது. வேறு நாடுகளில் வயலோரம் ஆந்தைக் கூண்டு வைப்பார்கள். மொரீஷியஸுக்கே உரிய ஆந்தையோ அற்றுப்போய் வெகுகாலம் ஆகிறது.

நான் முதலில் வாங்கியது மீயொலிக் கருவி. பானெட்டுக்குள் திருகி, கார் பேட்டரியோடு இணைக்க வேண்டிய, உள்ளங்கை அளவுப் பெட்டி. விலை 1,350 ரூபாய். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும், சிறு விளக்கை மின்னச் செய்யும், எலி ஓடிவிடும் என்பது அட்டையில் இருந்த வாக்குறுதி. மனிதர்களுக்கு ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்பதும், எலிக்கு 80 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும் என்பதும் உண்மை. ஆகையால் எலிக்குக் கேட்கிறதா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. கேட்டபின் அது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க விரும்பினேன்.

அதற்கு முகப்பவுடரைப் பயன்படுத்தினேன். இன்ஜினின் மேலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் மூடியிலும் பேட்டரியின் மேற்புறத்திலும் தினமும் மாலையில் மெல்லிய படலமாகப் பவுடரைத் தூவி, காலையில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். எலியின் முன்பாதத்தில் நான்கு விரல், பின்பாதத்தில் ஐந்து. வாலின் இழுவை நடுவே ஒரு கோடாக விழும். ஒருமுறை பார்த்துவிட்டால் பல்லியின் தடத்தோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. கருவியைப் பொருத்துவதற்கு முந்தைய நான்கு இரவுகளில் மூன்று இரவு தடம் இருந்தது. பொருத்திய முதல் இரண்டு இரவுகளில் பவுடர் கலையவே இல்லை. பணம் வீண்போகவில்லை என்று மகிழ்ந்து வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாம் இரவு பேட்டரியின் ஓரத்தில் தடம் திரும்பி வந்தது. ஐந்தாம் இரவில் அந்தத் தடம் கருவியின் தலைமீதே ஏறி இறங்கியிருந்தது. பத்தாம் நாள் கருவிக்குப் பக்கத்தில் புழுக்கை கிடந்தது. கருவியின் விளக்கோ அப்போதும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு இரவுகளின் அமைதிக்குக் காரணம் ஒலி அல்ல என்றே கருதுகிறேன். எலி தன் வழியில் புதிதாக எதைக் கண்டாலும் சில நாள் ஒதுங்கி நிற்கும். அங்கே ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் இதே அமைதி கிடைத்திருக்கும். ‘வாங்கிய அன்றிலிருந்து எலியே வரவில்லை’ என்று முதல் வாரத்திலேயே ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னதாகவே எழுதிவிடுகிறார்கள். மீயொலியின் இயல்பும் இந்த வேலைக்குப் பொருந்துவதில்லை. அது தூரம் செல்லச் செல்ல வேகமாகத் தேய்ந்துவிடும், திடப்பொருளை ஊடுருவாது, ஒரு தடுப்பின் பின்னால் நிழல்போல அமைதியான பகுதி உருவாகிவிடும். இன்ஜின் அறை முழுக்கத் தடுப்புகள்தாம். எலி கூடு கட்டும் ஏசிப் பெட்டி நாலாபுறமும் மூடியது. 2001ஆம் ஆண்டே அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், இத்தகைய கருவிகளைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பூனைக்கும் அந்த ஒலி கேட்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எலிக்குப் பழகிப்போகும் ஒலிக்காக, எலி பிடிக்கும் பூனையைத் தொந்தரவு செய்வது எந்த வகையில் நியாயம்? வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரில் பேட்டரியையும் அது சிறிது சிறிதாக உறிஞ்சும். இந்தக் கருவியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசனைப் பொருள்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. புதினா எண்ணெய்த் தெளிப்பானின் மணம் இன்ஜின் சூட்டில் இரண்டு நாளில் பறந்துவிட்டது. மதுரையில் டாக்ஸி ஓட்டுநர்கள் செய்வதுபோலப் புகையிலையைத் துணியில் முடிந்து பானெட்டுக்குள் கட்டினேன். துணியின் ஒரு முனையை எலி பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அந்த முடிச்சு அவிழ்ந்து பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தபோது, அன்றே எடுத்துவிட்டேன். அந்துருண்டையை மட்டும் தயவுசெய்து யாரும் காரில் போட வேண்டாம். அதிலுள்ள நாஃப்தலீன் ஆவி ஏசி வழியாக உள்ளே வந்து, நாம் மூச்சுவிடும் காற்றில் கலக்கிறது. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக் கூடியது.

அடுத்தது கார நாடா. ஹோண்டா நிறுவனம் தன் உதிரிபாக வரிசையில் விற்கும், காப்சைசின் ஏற்றிய ஒட்டுநாடா இது. வேறு நிறுவனக் காரிலும் பயன்படுத்தலாம். காப்சைசின் என்பது மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள். பறவைகளுக்கு அது உறைப்பதில்லை, எலி உட்படப் பாலூட்டிகளுக்கு வாய் எரியும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததில், அனுப்பும் செலவு சேர்த்து ஒரு சுருள் எனக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் ஆயிற்று. விலை அதிகம்தான்; ஆனால் சொன்னதைச் செய்கிறது. புதிதாக ஒட்டவைத்த இன்ஜெக்டர் வயர்களின்மீது, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி இறுக்கமாகச் சுற்றினேன். இந்த ஓராண்டில் அந்த வயர்களில் ஓரிடத்தில் மட்டும் பல்லின் அழுத்தம் தெரிகிறது. நாடாவின் மேற்பரப்போடு அது நின்றுவிட்டது. கடித்துப் பார்த்துவிட்டு விலகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாடாவைச் சுற்றும்போது கையுறை கட்டாயம் தேவை. கையுறை போட்டிருந்தும் மணிக்கட்டால் நெற்றி வியர்வையைத் துடைத்ததில், அரை மணி நேரம் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த வேலை முடியும்வரை அவர்களை அருகில் விடாதீர்கள். புகைபோக்கிக் குழாயை ஒட்டிப் போகும் வயர்களில் எதையும் சுற்ற வேண்டாம்; சூடு தாங்கும் உறையைப் போட மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது. அவை உயர் மின்னழுத்தம் பாயும் வயர்கள். நாடா அது சுற்றியிருக்கும் இடத்தை மட்டுமே காக்கும். எலி உள்ளே வருவதையோ கூடு கட்டுவதையோ அதனால் தடுக்க முடியாது.

அதைத் தடுத்தது கம்பி வலைதான். த்ரியோலே பக்கம் தந்தையும் மகனுமாக நடத்தும் ஒரு சிறிய பணிமனையில் இதைச் செய்துகொண்டேன். கூலியும் பொருளும் சேர்த்து 1,800 ரூபாய். வேலை நடந்த இரண்டு மணி நேரமும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன்கண்ணாடியின் அடியில், வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், வெளிக்காற்று ஏசிக்குள் போகும் செவ்வக வாய் தெரியும். டயரிலும் சஸ்பென்ஷனிலும் தொற்றி இன்ஜின் அறைக்கு ஏறி, அங்கிருந்து அந்த வாய் வழியாக இறங்கினால், நேராக ஃபில்டரின் தலைமீது போய் நிற்கலாம். கார் விற்பவர்களும் வாங்குபவர்களும் பார்க்காத அந்த ஒரு வாய்தான் எங்களுக்கு 11,500 ரூபாய்ச் செலவை வைத்தது.

மகன் ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையை அந்த வாயில் வைத்து, விரல் நகத்தால் ஓரங்களை அழுத்தி அச்செடுத்தார். அந்த அச்சுக்கு அரை அங்குலம் கூடுதலாக, 6 மி.மீ. கண்ணுள்ள வலையை வெட்டி, கூரான கம்பி நுனி எங்கும் வெளியே தெரியாதபடி நாலு ஓரத்தையும் மடக்கித் தட்டினார். எலி ஏறத்தாழ 12 மி.மீ. இடைவெளியில் நுழைந்துவிடும், சுண்டெலிக்கு 6 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாகக் கிடைத்தால் போதும்; அதைவிடப் பெரிய கண் கொண்ட வலை எதற்கும் உதவாது. தந்தை கவனம் வைத்தது வேறு இரண்டு விஷயங்களில். மூடிக்கு அடியில் சேரும் மழைநீர் வடியும் துளையை வலை அடைத்துவிடக் கூடாது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். புயல் மழையில் அது அடைபட்டால் தண்ணீர் காருக்குள் இறங்கிவிடும். பிறகு, பொருத்துவதற்கு முன்பும் பின்பும் ஏசித் துவாரத்தின் எதிரே ஒரு காகிதக் கைக்குட்டையைப் பிடித்து, அது எவ்வளவு தூரம் பறக்கிறது என்று ஒப்பிட்டு, காற்று குறையவில்லை என்று எனக்கே காட்டினார். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயிலும் இதேபோல ஒரு வலை வைத்தார். அது ஏர் ஃபில்டருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். என்றாவது ஒரு கம்பி உடைந்தாலும் இன்ஜினுக்குள் போகாது. இதற்குப் பதிலாக இரும்புப் பஞ்சைத் திணிப்பது ஆபத்து. அது துருப்பிடித்து உதிரும், மின்சாரத்தையும் கடத்தும்.

இன்ஜின் அறை அடியில் திறந்தே இருப்பதால், எலி அங்கே வந்து உட்காருவதை வலையால் தடுக்க முடியாது. ஆகவே வயருக்கு நாடா, துவாரத்துக்கு வலை என இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வலையை முதலில் வையுங்கள்.

ஏற்கெனவே கூடு இருந்த கார் என்றால் சுத்தம் செய்யாமல் எதையும் பொருத்த வேண்டாம். மூத்திர வாடை அடுத்த எலிக்கு வழிகாட்டும். எலி மூத்திரத்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவும் தீவு இது. ரப்பர் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்குவதும் தூசி உறிஞ்சியால் இழுப்பதும் கிருமியைக் காற்றில் கிளப்பிவிடும். இங்கே கடைகளில் ஜாவெல் என்று கேட்டு வாங்கும் வெளுப்பு நீர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, நன்றாக நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, காகிதத்தால் ஒற்றி எடுங்கள். ஜாவெல் உலோகத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும் என்பதால், அவற்றின்மீது படாமல் பார்த்துக்கொண்டு, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

விஷ உருண்டையை நான் தொடவில்லை. விஷம் தின்ற எலி காரின் எட்டாத மூலையில் செத்தால் வாரக்கணக்கில் நாற்றம் போகாது. அதைத் தின்னும் பூனையும் நாயும் சாகலாம். பசை அட்டையில் ஒட்டி உயிரோடு துடிக்கவிடுவதை என்னால் ஏற்க முடியாது. சுவரோரமாக இரண்டு எலிப்பொறிகளை, முதல் ஐந்து நாள் பூட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு பூட்டி வைத்தேன். மாமரத்தடியில் விழும் பழங்களை அன்றாடம் பொறுக்கினோம். காரை அணைப்பதற்கு முன் ஏசியை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றினால், பெரும்பாலான கார்களில் வெளிக்காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். செலவே இல்லாத இந்தப் பழக்கத்தை இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

இந்த ஆண்டும் செப்டம்பரில், எங்கள் தெருவோரம் வெட்டு நடந்த அதே சமயத்தில், நான்கு வாரம் ஊருக்குப் போனோம். அடுத்த வீட்டுப் பெரியவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் இருமுறை காரைத் தெருமுனைவரை ஓட்டி வரச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தபோது, போகும் முன் தூவிய பவுடரில் தடம் இருந்தது, எலி வந்திருக்கிறது. ஏசி ஃபில்டரை நானே இழுத்துப் பார்த்தேன். அதில் தூசியும் இரண்டு மாவிலைச் சருகும் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரே ஒரு குறை. எனக்குப் போட்டது துத்தநாகம் பூசிய வலை. வடக்குப் பக்கத்து உப்புக் காற்றில் எட்டு மாதத்திலேயே மடிப்பு ஓரங்களில் செம்பழுப்பாகத் துரு பூத்துவிட்டது. அதே பணிமனையில் கேட்டபோது, 400 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு துருப்பிடிக்காத எஃகு வலையாக மாற்றிக் கொடுத்தார்கள். புதிதாகப் போடுபவர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.